விரல் நீள அலுமினியத் துண்டுக்கு நாலு மாதம்: கியர் சைக்கிள் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் கியர் சைக்கிள் செய்கிற, வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்கிற கம்பெனிகள் அனைத்துக்கும் வணக்கம்.

பாளையங்கோட்டையில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். அப்பா காலத்தில் இது வாடகை சைக்கிள் கடை. மணிக்கணக்கை நோட்டில் குறித்துவைத்து வண்டியை விடுவார். இப்போது வாடகை போய்விட்டது, ரிப்பேர் மட்டும் நிற்கிறது. காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் இலவச சைக்கிள் வரும். மத்தியானம் பால்காரர், கீரைக்காரர் வண்டி. சாயங்காலம் கியர் வண்டிகள். முதல் இரண்டும் வந்த அன்றே திரும்பிப் போகின்றன. மூன்றாவது ரகம்தான் என் கடையில் பாய் விரித்துப் படுத்துவிடுகிறது.

போன வருஷம் ஆனி மாதம் சேரன்மகாதேவிப் பையன் ஒருவன் தன் வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். காலேஜ் படிக்கிறவன். கன்னடியன் கால்வாய்க் கரையோரமாகக் கல்லிடைக்குறிச்சி வரை ஓட்டிவிட்டு வருவது அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வழக்கம். கரையில் கிடந்த உடைமரக் கம்பு ஒன்று பின்சக்கரத்துக்குள் புகுந்து, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் டீரெய்லரை இழுத்து போக்ஸ் கம்பியோடு சேர்த்துச் சுருட்டிவிட்டது. "அண்ணாச்சி, வண்டி அவ்வளவுதானா?" என்றான். பார்த்தேன். பிரேமில் கீறல்கூட இல்லை. போக்ஸ் கம்பி இரண்டு போயிருந்தது, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துவிடலாம். டீரெய்லரிலும் லேசான வளைவுதான். முறிந்தது ஹேங்கர் மட்டும்.

பின் ஆக்சில் உட்காரும் இடத்தை ஒட்டி, டீரெய்லரைத் தாங்கிக்கொண்டு தொங்கும் விரல் நீள அலுமினியத் துண்டுதான் ஹேங்கர். அது முறிந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அடி விழுந்தால் பிரேம் போகாமல் தான் போகவேண்டும் என்றுதான் அதை மெத்தென்று செய்து, தனியே திருகி வைத்திருக்கிறார்கள். வீட்டு மின்சாரத்தில் பியூஸ் கம்பி பார்க்கும் வேலை அது. பியூஸ் போனால் கம்பி வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். இங்கே அந்தக் கம்பிதான் கிடைக்கவில்லை.

என் கடையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. நாற்பது ஹேங்கருக்குக் குறையாது அதில். ஒன்றில் ஒரு துளை, ஒன்றில் இரண்டு. ஒன்று பிறை மாதிரி, ஒன்று கொக்கி மாதிரி. நாற்பதில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. வண்டியை விற்ற கம்பெனிக்குப் போன் போட்டேன். எந்த வருஷத்து மாடல் என்று கேட்டார்கள். பில்லில் இருந்ததைச் சொன்னேன். அந்த மாடல் இப்போது வருவதில்லை, போட்டோ அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு துண்டு வந்தது. துளை இரண்டு மில்லி தள்ளி இருந்தது. அதைத் திருப்பி அனுப்பி, அடுத்ததுக்குக் காத்திருந்து, ஆனி போய் ஐப்பசி வந்துவிட்டது. கடைசியில் டப்பாவிலிருந்தே ஒன்றை எடுத்து, அரம் போட்டு ராவிப் பொருத்தினேன். கியர் விழுகிறது. எட்டாவதில் மட்டும் இன்றைக்கும் ஒரு கரகரப்பு இருக்கிறது.

அந்த நாலு மாதத்தில் பையனின் அம்மா இரண்டு தடவை கடைக்கு வந்தார். "பதினெட்டாயிரம் குடுத்து வாங்குன வண்டி, ஒரு இணுக்குத் தகரத்துக்காவ நிக்குதே, இது என்ன கூத்து அண்ணாச்சி?" என்றார். அவருக்கு நான் சொல்ல வேண்டிய பதிலை உங்களிடம் கேட்டு வாங்கத்தான் இந்த மடல்.

புதிதாக எது வந்தாலும் ஆகாது என்கிற கிழவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். '21 கியர்' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற வண்டிகளைக் கழற்றிப் பூட்டியே சலித்தவன் நான். முன்னால் 42, 34, 24 பல் என்று மூன்று பல்சக்கரம், பின்னால் 14 முதல் 28 பல் வரை ஏழு. கணக்குப் போட்டால், பெடல் ஒரு சுற்று சுற்ற, பின்சக்கரம் குறைந்தது 0.86 சுற்று, கூடினால் 3 சுற்று. இடையில் பல கியர்கள் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி. இப்போது வரும் ஏற்பாட்டில் முன்னால் 32 பல்லில் ஒன்றே ஒன்று, பின்னால் 10 முதல் 52 பல் வரை பன்னிரண்டு. 0.62 சுற்றிலிருந்து 3.2 சுற்று வரை போகும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதா, உட்கார்ந்தே மிதிப்பதா என்பது அந்த 0.86-க்கும் 0.62-க்கும் நடுவில்தான் இருக்கிறது. முன் டீரெய்லரே இல்லை என்பதால், மழைக்குக் கயத்தாறு பக்கத்துக் கரிசல் குழைந்து அப்பும்போது அடைபட ஒரு இடம் குறைவு. கியர் பாகம் செய்கிற ஸ்ராம் கம்பெனி 2012-ல் எக்ஸ்எக்ஸ்1 என்று பின்னால் பதினொன்று போட்டது, 2016-ல் ஈகிள் என்று பன்னிரண்டு ஆக்கியது. இன்னொரு கியர் கம்பெனி ஷிமானோ 2018-ல் எக்ஸ்டிஆர் என்ற தன் மாடலில் பன்னிரண்டுக்கு வந்தது. நல்ல வேலை, மறுக்கவில்லை.

அந்த 10 பல் எங்கே உட்காரும் என்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பல வருஷமாக எல்லாரும் பழகிய ஷிமானோ ஹெச்ஜி ஃப்ரீஹப்பில் (பின்சக்கர நடுவான ஹப்பில், பல்சக்கரங்கள் ஏறும் உருளை) 11 பல்லுக்குக் கீழே இடமில்லை. அதற்காக ஸ்ராம் எக்ஸ்டி (XD) என்று ஒன்று செய்தது. ஷிமானோ மைக்ரோ ஸ்ப்லைன் என்று இன்னொன்று செய்தது. ஒன்றுக்கு வந்த கேசட் (பின் பல்சக்கரக் கொத்து) மற்றதில் ஏறாது. ஒரே ஒரு பல்லைக் குறைக்கப் போய் நல்ல நிலையில் இருந்த எத்தனையோ சக்கரங்கள் 'பழசு' ஆகிவிட்டன. சரி, அந்த 10 பல் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்து இறக்கத்தில் கொஞ்சம் வேகம் குறையும். மைக்ரோஷிப்ட் கம்பெனியின் அட்வெண்ட் எக்ஸ் 11 முதல் 48 பல் வரை பத்துப் பல்சக்கரங்களைப் பழைய ஹெச்ஜியிலேயே ஏற்றிக் காட்டிவிட்டது. 2023-ல் ஷிமானோவே கியூஸ் என்ற பெயரில் லிங்க்கிளைடு கேசட்டுகளைக் கொண்டுவந்தது. 11 முதல் 50 பல் வரை, அதுவும் ஹெச்ஜியில்தான் ஏறுகிறது. பற்கள் தடிமன். ஒன்பது, பத்து, பதினொன்று எதுவானாலும் செயின் ஒன்றுதான், கேபிள் இழுக்கும் அளவும் ஒன்றுதான். என் மாதிரிக் கடைக்கு அது பெரிய நிம்மதி. பழைய ஷிப்டரோடு (கைப்பிடியில் கியர் மாற்றும் விசை) சேராது என்ற குறை உண்டு. இருந்தாலும் ஆயுளைக் கூட்டுவதற்கென்றே ஒரு பெரிய கம்பெனி உட்கார்ந்து யோசித்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். முப்பதாயிரம், நாற்பதாயிரத்துக்கு நீங்கள் விற்கும் வண்டிகளில் இந்த வழியைப் பிடியுங்கள்.

பதினைந்தாயிரத்துக்குக் கீழே உள்ள வண்டிகளின் கதை வேறு. அங்கே பெரும்பாலும் கேசட்டே கிடையாது, ஹப்பில் மரை போட்டுத் திருகும் பிரீவீல்தான். ஏழு பல்சக்கரம் தடிமனாக வெளியே நிற்க, வலப்பக்கத்துப் பேரிங் உள்ளே ஒதுங்கிவிடும். பேரிங்குக்கும் பிரேமுக்கும் நடுவில் ஆக்சில் ஆதரவில்லாமல் நீண்டு கிடக்கும். பையன் பின்னால் தம்பியை ஏற்றிக்கொண்டு ஒரு வேகத்தடையில் குதித்தால் ஆக்சில் வளைகிறது. வளைந்த ஆக்சிலில் பால்ரஸ் தேய்கிறது, கப் போகிறது. கடைசியில் மொத்தச் சக்கரமும் போகிறது. போதாததற்கு, மிதிக்க மிதிக்க பிரீவீல் இறுகிக்கொண்டே போகும். கழற்ற ஸ்பேனர் மேல் ஆளே ஏறி நிற்க வேண்டியிருக்கும். கேசட் ஹப்பில் பேரிங் வெளி ஓரத்துக்கு வந்துவிடுவதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. 'மலை சைக்கிள்' என்று பெயரெழுதி, தடிமன் டயரும் முன்னால் ஒரு ஷாக்கும் போட்டு விற்கிறீர்கள். அந்த ஷாக்கை எடுத்துவிட்டு அதே காசுக்கு ஒரு கேசட் ஹப் போட்டால் நான் மாலை போட்டு வரவேற்பேன். ஷாக் இருந்தால்தான் பிள்ளைகள் வாங்குவார்கள் என்பீர்கள். அதுவும் உண்மைதான், என் அக்கா மகனே அப்படித்தான் வாங்கினான்.

ஹப் அகலத்துக்கு வருகிறேன். பின்சக்கரத்துக்கு 135 மில்லி, அப்புறம் த்ரூ ஆக்சிலோடு (ஹப்புக்குள் ஊடுருவிப் பிரேமிலேயே திருகும் தடித்த அச்சு) 142, அப்புறம் பூஸ்ட் என்று 148, சில வண்டிகளில் 157. பூஸ்ட்டுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. 29 அங்குலச் சக்கரம் பெரியது, ஹப்பின் விளிம்புகளைப் பக்கத்துக்கு மூன்று மில்லி தள்ளி வைத்தால் போக்ஸ் கம்பி நல்ல சாய்வில் நிற்கும், சக்கரம் ஆடாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மூன்று மில்லிக்காக ஹப், பிரேம், முன் பல்சக்கரத்தின் நிலை எல்லாம் மாறின. கடையில் எடுத்துவைத்திருந்த இரண்டு 142 சக்கரங்களை இப்போது ஆணியில் மாட்டி அழகு பார்க்கிறேன்.

இத்தனை மாற்றத்துக்கு நடுவிலும் மாறாமல் நிற்பவை சில உண்டு. செயின் கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம், அப்பாவின் வாடகை வண்டியிலும் அதுதான், பன்னிரண்டு ஸ்பீடிலும் அதுதான். அகலம்தான் மெலிந்துகொண்டே போகிறது. இன்னொன்று பி.பி. மரை, அதாவது பெடல் அச்சு சுற்றும் பாட்டம் பிராக்கெட்டின் மரை: 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, வலப்பக்கக் கப் மட்டும் எதிர்ச்சுற்று. இதற்குப் பெயரே பி.எஸ்.ஏ. மரை. அந்தக் காலத்தில் அக்காமார் ஓட்டிய வண்டியில் எழுதியிருக்குமே, அதே பி.எஸ்.ஏ.தான். பர்மிங்காமில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த கம்பெனி. அவர்கள் சைக்கிளுக்கு வைத்த மரை இன்னும் உயிரோடு இருக்கிறது. நடுவில் மரையே வேண்டாம், அமுக்கிச் சொருகினால் போதும் என்று பிரஸ்ஃபிட் வந்தது. புழுதி ஏறினால் மிதிக்கு மிதி கீச்சென்று கத்தும். அப்படிப் போன கம்பெனிகளில் பல இப்போது மரைக்கே திரும்பிவிட்டன. நீங்கள் அந்தப் பக்கம் போகாமலே இருந்துவிடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18-ல் இங்கே பெய்த மழையை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். தாமிரபரணி சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் வீடுகளுக்குள்ளேயே வந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு ஒரு மாதம் எனக்கு வேறு வேலையே இல்லை, வண்டலில் முங்கிய சைக்கிள்கள்தான். பழைய வண்டிகளை ஓவராயில் பண்ணுவது சுலபம். கழற்று, மண்ணெண்ணெயில் கழுவு, பால்ரஸ் மாற்று, கிரீஸ் வை, பூட்டு. புதுக் கியர் வண்டிகளில் சீல் வைத்த பேரிங். பயந்துகொண்டேதான் பிரித்தேன். உள்ளே பேரிங் மேல் 6902 என்று பொறித்திருந்தது. வண்ணார்பேட்டையில் ஒரு மோட்டார் பேரிங் கடைக்கு நடந்து போய் 6902 என்றேன். எடுத்துப் போட்டார். உள் விட்டம் 15, வெளி விட்டம் 28, தடிமன் 7. ஜப்பானில் செய்தாலும் அதுதான், லூதியானாவில் செய்தாலும் அதுதான். கம்பெனி பெயர், மாடல் வருஷம், போட்டோ, ஒன்றும் கேட்கவில்லை.

நான் கேட்பது இதைத்தான். அந்த நாலு இலக்கம் பேரிங்குக்கு இருக்கிறது, ஹேங்கருக்கு இல்லை. டயரைப் பாருங்கள். 26, 27.5, 29 என்று வாயில் என்ன பெயர் சொன்னாலும், ஐஎஸ்ஓ 5775 முறைப்படி டயரின் பக்கவாட்டில் 559, 584, 622 என்று ரிம் அளவு இருக்கிறது. 29-ம் ரோடு வண்டியின் 700-ம் ஒரே ரிம் அளவு என்று சொன்னால் கடையில் யாரும் நம்ப மாட்டார்கள். 622 என்ற எண்ணை இரண்டு டயரிலும் காட்டினால் வாயை மூடிக்கொள்வார்கள். பெரிய வண்டிகளுக்கு ஐஎஸ்ஓ 4210 சோதனை முடித்தது என்று பெருமையாக எழுதுகிறீர்கள். அது பிரேம் உடையாது, பிரேக் பிடிக்கும் என்பதற்கான சோதனை. உங்கள் வண்டிக்கு அடுத்த கம்பெனியின் ஹேங்கர் சேருமா என்று அது பார்ப்பதில்லை.

எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஹேங்கர் வராமலும் இல்லை. 2019-ல் ஸ்ராம் யுடிஹெச் (யுனிவர்சல் டீரெய்லர் ஹேங்கர்) என்று ஒன்றைக் கொண்டுவந்து, பிரேம் செய்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் அந்த அளவுக்குச் செய்துகொள்ளலாம் என்று விட்டது. என்ன தாராளம் என்று நினைத்தோம். 2023-ல் ஹேங்கரே இல்லாமல் நேராகப் பிரேமில் பூட்டும் டீரெய்லர் ஒன்றை இறக்கியது. அது உட்காருவது யுடிஹெச்சுக்காக விட்ட அதே இடத்தில். ஊரெல்லாம் இலவசமாக ஆணி அடித்துக் கொடுத்துவிட்டு, நாலு வருஷம் கழித்துத் தன் சட்டையைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்ட மாதிரி. தப்பில்லை, கெட்டிக்காரத்தனம். ஆணி நமக்கும் உபயோகம்தானே. 2025-ல் வயரில்லாமல் வந்த ஷிமானோ எக்ஸ்டிஆர்கூட ஹேங்கரில்தான் தொங்குகிறது. யுடிஹெச் போட்ட வண்டி எந்தக் கம்பெனியுடையதானாலும், ஒரே ஒரு துண்டை நான் டப்பாவில் வைத்திருந்தால் போதும்.

யுடிஹெச்சுக்கு 12 மில்லி த்ரூ ஆக்சில் வேண்டும், விலை குறைந்த பிரேமில் அது வராது என்பது எனக்கும் தெரியும். அந்த வண்டிகளுக்கு ஒன்று செய்யலாம். உங்கள் கம்பெனிக்குள்ளேயாவது எல்லா மாடலுக்கும் ஒரே ஹேங்கர் என்று வையுங்கள். வருஷா வருஷம் பிரேமின் பெயின்ட்டை மாற்றுங்கள், பெயரை மாற்றுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? அந்த இரண்டு துளையை மட்டும் தொடாதீர்கள். மாற்றியே தீரவேண்டும் என்றால், பழையதைப் பத்து வருஷத்துக்கு அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருங்கள். புது வண்டியோடு ஒரு உபரி ஹேங்கரைச் சீட்டுக்கடியில் கட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

அப்புறம், எண்களை வண்டியிலேயே எழுதுங்கள். பிரேமின் அடியில், பி.பி. பக்கத்தில், ஒரு தீப்பெட்டி அளவுக்கு இடம் போதும். ஹேங்கர் எண், பின் ஹப் அகலம், ஃப்ரீஹப் வகை, பி.பி. வகை, ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) அளவு, சீட் குழாய் விட்டம் 27.2-ஆ 30.9-ஆ 31.6-ஆ என்பது, பிரேக்குக்கு மினரல் ஆயிலா, கார் பிரேக்கில் ஊற்றும் டாட் ஆயிலா என்பது. கடைசியாகச் சொன்னதை யாரும் லேசாக எடுக்க வேண்டாம். மினரல் ஆயில் பிரேக்கில் ஒருவர் கார் பிரேக் ஆயிலை ஊற்றிக் கொண்டுவந்தார், உள்ளே இருந்த சீல் எல்லாம் ஊறிப் போயிருந்தது. உங்கள் வாரண்டி அட்டையில் அரைப் பக்கத்துக்கு 'வாழ்த்துகள், புதிய பயணத்தைத் தொடங்குங்கள்' என்று எழுதியிருக்கிறது. அதைச் சுருக்கினாலே இத்தனை எண்ணும் அங்கே அடங்கிவிடும்.

எங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்லுங்கள் என்று பதில் வரும், தெரியும். உவரியில் கடல் காற்றில் துருப்பிடித்த வண்டியைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போய்வர ஒருத்தனுக்கு ஒரு நாள் கூலி போகும். இந்த வண்டிகள் எங்கே பழுதானாலும் கடைசியில் வந்து நிற்பது என் கடை மாதிரி ஒரு கடையில்தான். எங்களிடம் பாகத்தை விற்க மாட்டோம், டீலருக்கு மட்டும்தான் என்று சொல்வதை முதலில் நிறுத்துங்கள்.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், மோட்டார் வாகனம் என்று துறைகளை எடுத்துக்கொண்டார்கள். சைக்கிள் அந்த வரிசையில் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி அவர்களுக்குத் தனியே எழுதியிருக்கிறேன். அரசாங்கம் உத்தரவு போட்டால்தான் செய்வோம் என்று நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஹேங்கர் எண்ணைப் பொறிக்க யாருடைய உத்தரவும் வேண்டாம்.

உங்கள் பிரேம் டிசைன் செய்கிற இன்ஜினியர் யாராவது குற்றாலம் சீசனுக்கு இந்தப் பக்கம் வந்தால், ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கடைக்கு வரட்டும். ஞாயிறு மத்தியானம் தவிர மற்ற நேரம் திறந்திருக்கும். பிஸ்கட் டப்பாவை எடுத்து மேஜையில் கொட்டி வைக்கிறேன். சேரன்மகாதேவிப் பையனின் உடைந்த ஹேங்கரும் அதில்தான் கிடக்கிறது. துளைக்குத் துளை எவ்வளவு என்று காலிப்பரில் அளந்து ஒரு சீட்டில் எழுதிக் கட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் கடைக்காரன்,
பாளையங்கோட்டை.